எளியவர் வண்டியும் இனிய சக்கரமும்

மனிதன் கண்ட கருவிகளுள் சக்கரத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. தமிழர் அதன் உறுப்புகளை நுணுகி அறிந்தவர். நடுக்கட்டையைக் குறடு என்றும், அதிலிருந்து விரியும் கால்களை ஆர் என்றும், அவற்றைச் சூழ்ந்த வட்டத்தைச் சூட்டு என்றும் பெயரிட்டு வழங்கியது பழந்தமிழ். ஆனால் இன்றைய மிதிவண்டியில் ஏறிச் செல்பவனின் சுகம் முழுவதும் எதில் அடங்கியுள்ளதோ, அந்த டயருக்குப் பழஞ்சொல் இல்லை. காற்றடைத்த டயர் உலக வழக்கிற்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை என்பதை எண்ணினால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இளைஞர் பலர் விரும்பி ஓட்டும் ஒருவகை மிதிவண்டி உண்டு. ‘ஃபிக்ஸி’ என்பது அதன் பேச்சுவழக்குப் பெயர். நிலைப்பல் மிதிவண்டி எனலாம். இதில் பின்சக்கரத்தின் பற்சக்கரம் குறட்டோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். ஓடும் வண்டியில் கால் ஓய்வதற்கு வழியில்லை. பல்மாற்றும் கருவிகள் இல்லாமையால் இவ்வண்டியைக் குறைந்த செலவில் அமைத்துவிடலாம். ஆனால் நெடுந்தொலைவு ஓட்டுவோர் உடல்நோவு கண்டு, சக்கரத்தை மாற்ற முனைவர். அப்போது, விலையுயர்ந்த சக்கரமே சுகமான சக்கரம் என்னும் எண்ணம் அவர்களை மயக்குகிறது. மிதிவண்டிச் சக்கரத்தின் வரலாறு இதற்கு மாறான பாடத்தையே மீண்டும் மீண்டும் புகட்டியிருக்கிறது.

எலும்பை உலுக்கிய வண்டி

1817ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி இல்லை. கால்களால் தரையை உந்திச் செல்லவேண்டும். சக்கரங்கள் மரத்தாலானவை, மேலே இரும்புப் பட்டை. 1860களில் பாரிஸ் நகரில் மிஷோ பட்டறையினர் முன்சக்கரத்தில் மிதி பொருத்திய வண்டிகளைச் செய்து விற்றனர். சக்கரங்களோ பழைய முறைப்படியே மரமும் இரும்புமாக இருந்தன. கல் பாவிய தெருக்களில் அவை எழுப்பிய அதிர்ச்சி உடலெங்கும் பாய்ந்தமையால், ஆங்கிலேயர் அவ்வண்டிக்கு ‘எலும்புலுக்கி’ என்று பட்டப்பெயர் சூட்டினர்.

அதிர்ச்சியைக் குறைக்க இரு வழிகள் தேடப்பட்டன. மரக்கால்களுக்கு மாற்றாக இழுத்துக் கட்டிய கம்பிகளால் சக்கரத்தைத் தாங்கச் செய்தல் ஒன்று. பாரிசைச் சேர்ந்த யூஜின் மேயர் 1869இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகள் குறட்டிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து செல்லும் அமைப்பை 1874இல் நிலைநாட்டினார். இன்றும் மிதிவண்டிகளில் பெரிதும் காணப்படுவது அவ்வமைப்பே. இரும்புப் பட்டைக்கு மாற்றாகத் திண்ணிய ரப்பரைப் பதித்தல் மற்றொரு வழி.

அடுத்து வந்தது ஓங்கி நின்ற பெருஞ்சக்கர வண்டி. அதன் முன்சக்கரம் ஓர் ஆளின் மார்பளவு உயர்ந்தது. மிதி ஒருமுறை சுழன்றால் சக்கரமும் ஒருமுறையே சுழலும். ஆகவே விரைவு வேண்டின் சக்கரம் பெருக்க வேண்டியதாயிற்று. பெருஞ்சக்கரம் சிறு குழிகளில் இறங்காமல் மேலேயே உருண்டு சென்றதால் ஓரளவு சுகமும் கிடைத்தது. ஆனால் ஏறுவோர் தலைகுப்புற விழும் அச்சமும் உடனிருந்தது. முன்சக்கரமும் மிதியும் பிரியாமல் சுழன்ற அவ்வண்டி, இன்றைய நிலைப்பல் மிதிவண்டியின் மூதாதை எனலாம்.

1885இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். மிதியிலிருந்து பின்சக்கரத்திற்குச் சங்கிலி சென்றது. உயரம் குறைந்தது, விழும் அச்சம் நீங்கியது. ஆனால் சிறிய சக்கரங்கள் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறின. திண்ணிய ரப்பரால் அவ்வதிர்ச்சியைத் தடுக்க இயலவில்லை. அதே ஆண்டில் ‘விப்பெட்’ என்னும் வண்டியைச் செய்தோர் சட்டத்திலேயே சுருள்வில் பொருத்திப் பார்த்தனர். வில்லும் கீலும் கூடின. எடையும் விலையும் ஏறின. எளியவர்க்கு அவ்வழி பயன்படவில்லை.

பெல்பாஸ்டு முற்றத்தில்

இச்சிக்கலுக்கு விடை தந்தவர் பொறியியலார் அல்லர், கால்நடை மருத்துவர். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் தொழில் நடத்திய ஜான் பாய்டு டன்லப் என்பவரின் சிறு மகன், கல்தெருவில் மூன்றுசக்கர வண்டி ஓட்டி அதிர்ச்சியால் துன்புற்றான். தந்தை ரப்பர்க் குழாயொன்றில் காற்றடைத்து, அதைத் துணியால் சுற்றி ஒரு மரவட்டத்தில் பொருத்தினார். மகனுடைய வண்டியின் சக்கரத்தையும் தம் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து கதவில் மோதித் துள்ளியது. 1888ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

சுகத்திற்கென்று செய்த பொருள் விரைவையும் உடன் கொணர்ந்தது என்பது இந்நிகழ்ச்சியின் உட்பொருள். திண்ணிய சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்குகிறது, அவ்வுழைப்பு வீணாகிறது. காற்றுச் சக்கரம் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு முன்னேறுகிறது. 1889 மே மாதத்தில் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹ்யூம் என்னும் வீரர் பருத்த காற்று டயர்களோடு களமிறங்கியபோது கூட்டத்தினர் நகைத்தனர் என்பர். அவர் வென்றபின் நகைப்பு அடங்கியது.

ஆயினும் டன்லப் முதல்வர் அல்லர். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்று, 1847இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டியும் காட்டியிருந்தார். அது விலை மிகுந்த பொருளாக இருந்தமையாலும் மிதிவண்டி அக்காலத்தில் இன்மையாலும் உலகம் அதை மறந்தது. தாம்சனின் உரிமை வெளிப்பட்டபின் டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று.

டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. முள் தைத்தால் பிரித்து ஒட்டப் பல மணிநேரம் ஆகும். இக்குறையை நீக்க 1890இல் இங்கிலாந்தின் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், விளிம்பில் கம்பி கோத்த டயரை அமைத்தார். 1891இல் பிரான்சின் மிஷலின் உடன்பிறந்தார் கழற்றி மாட்டும் டயரை வெளியிட்டனர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிரெஸ்டு சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் சார்லஸ் டெரோன் மிஷலின் டயரோடு வென்றார். பழுதுபார்க்க எளிதான டயர் வந்தபின்னரே காற்றுச் சக்கரம் பொதுமக்களின் உடைமையாயிற்று.

ஓயாத மிதி

ரோவர் வண்டியும் நிலைப்பல் வண்டியே. மிதிக்காதபோதும் சக்கரம் தானே ஓட இடந்தரும் பிரீவீல் 1890களின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது. அது வந்தபின்பும் பலர் பழைய முறையை விடவில்லை. அதற்குப் பணமும் ஒரு காரணம். நிலைப்பல் வண்டியில் உறுப்புகள் குறைவு, பழுது குறைவு, எடையும் குறைவு. பிரான்சு நாட்டைச் சுற்றும் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஹென்றி தெகிராஞ்சு, பல்மாற்றும் கருவிகளை வெறுத்தவர். அவர் பொறுப்பிலிருந்து விலகிய பின்னர், 1937இல்தான் அப்பந்தயத்தில் அவை பொதுவாக இசைவு பெற்றன.

நிலைப்பல் வண்டிக்கு மென்மையான டயர் ஏன் பிற வண்டிகளினும் மிகுதியாக வேண்டும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிரீவீல் வண்டியை ஓட்டுபவன் பள்ளத்தைக் கண்டவுடன் மிதியை நிறுத்தி, இரு கால்களையும் சமமாக ஊன்றி, இருக்கையிலிருந்து சற்று எழுகிறான். முழங்கால்கள் வில்லாகி அதிர்ச்சியை வாங்குகின்றன. நிலைப்பல் வண்டியில் மிதி நில்லாது சுழல்வதால் அவ்வாறு ஊன்றி எழுதல் அரிது. பள்ளத்தின் அடி இருக்கை வழியே முதுகெலும்பிற்கு நேரே செல்கிறது. உடல் வாங்க இயலாத அடியைச் சக்கரமே வாங்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வைகறை

குறைந்த பணத்தில் நல்ல சக்கரம் தேடிய கலையில் தேர்ந்தவர், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் வாழ்ந்த இங்கிலாந்தின் மிதிவண்டிச் சங்கத்தினர் ஆவர். அவர்களுள் தொழிலாளரும் எழுத்தரும் மிகுதி. கூட்டமாகச் சாலைப் பந்தயம் விடுவதை மிதிவண்டி அமைப்புகளே அங்குத் தடுத்திருந்தன. ஆகவே ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை 1895 முதல் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வைகறையில், ஊர் விழிக்குமுன் பந்தயம் தொடங்கும்.

ஒரே வண்டிதான் வாரநாளில் வேலைக்கும் ஞாயிறன்று பந்தயத்திற்கும் உதவியது. இரண்டாவது வண்டி வாங்கப் பணமில்லை. ஆனால் இரண்டாவது சோடிச் சக்கரம் வாங்கச் சிலருக்கு இயன்றது. அன்றாட ஓட்டத்திற்கு ஒன்றேகால் அங்குல அகலமுள்ள, கழற்றி மாட்டும் டயர் பூண்ட உறுதியான சக்கரங்கள். பந்தயத்திற்கு, ரிம்மில் ஒட்டப்படும் இலேசான குழாய் டயர்ச் சக்கரங்கள். பந்தயச் சக்கரங்களை முன் அச்சில் பொருத்திய தாங்கிகளில் பக்கத்திற்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படுவர்; புறப்பாட்டிடத்தில் மாற்றிக்கொள்வர்; முடிந்ததும் மீண்டும் மாற்றி வீடு திரும்புவர். பின்சக்கரக் குறட்டின் இருபுறமும் மரை இருக்கும். ஒருபுறம் ஒரு பல், மறுபுறம் வேறொரு பல். சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் பல் மாறிவிடும். 1956 ஆகஸ்டில் 100 மைல் தொலைவை முதன்முதல் நான்கு மணிநேரத்திற்குள் கடந்த ரே பூட்டி ஓட்டியதும் நிலைப்பல் வண்டியே.

இவ்வழக்கத்தில் ஓர் அறிவு பொதிந்திருந்தது. பணம் மிகுந்த இலேசான சக்கரம் பந்தயத்திற்குரியது; சுகமும் உழைப்பும் அகன்ற டயருக்குரியவை. சட்டத்தையோ குறட்டையோ மாற்றாமல் டயரை மாற்றியே வண்டியின் இயல்பை மாற்றலாம் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

காற்றை அடக்கிய பால்

டயர் காற்றால் சுமக்கிறது. ஆனால் அக்காற்றை அடக்குவது ரப்பர். மிதிவண்டி பெருகிய 1890களில் உலகின் ரப்பர் பெரும்பாலும் அமேசான் காடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்தும் வந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில் காங்கோ மக்கள் ரப்பர் திரட்டுமாறு சாட்டையாலும் துப்பாக்கியாலும் வதைக்கப்பட்டனர்; கைகள் வெட்டப்பட்டன. ரோஜர் கேஸ்மெண்டின் அறிக்கை 1904இல் அக்கொடுமையை உலகறியச் செய்தது. ஐரோப்பியத் தெருக்களில் மென்மையாக உருண்ட சக்கரத்திற்கு அவ்வாறும் ஒரு விலை இருந்தது.

மறுபுறம், பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொணரப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888ஆம் ஆண்டில் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்திற்குக் கேடின்றிப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர் 1890களில் வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வாணிகத்திற்கென ரப்பர் பயிரிட்டார். பின்னர்க் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் திரள் திரளாகக் கொணரப்பட்டனர்.

வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியுமாதலால் மரம் சீவுவோர் வைகறையில் நிரைக்குச் சென்றனர். இங்கிலாந்துத் தொழிலாளி வாரத்தில் ஒருநாள் விருப்பத்தோடு வைகறையில் எழுந்தான். தோட்டத் தொழிலாளி பெரட்டுக்கு நாள்தோறும் எழுந்தான். முன்னவன் சக்கரத்தை மென்மையாக்கியது பின்னவன் வாளியில் சேர்ந்த பால். தோட்டப்புறங்களில் மிதிவண்டி பரவியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த ராலே போன்ற கனத்த வண்டிகளில் ஒன்றரை அங்குல அகலமுள்ள 28 அங்குல டயர்கள் இருந்தன. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஆரக்கம்பிகள். செம்மண் பாதையில் சுமையோடு செல்ல அவ்வமைப்பே தாங்கிற்று.

டயரின் அருமையை மலாயா மற்றொரு வகையிலும் கண்டது. 1941 டிசம்பரில் தரையிறங்கிய ஜப்பானியப் படையினருள் பலர் மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். வெப்பச் சாலையில் டயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். இருளில் அவ்வொலி டாங்கிகள் வருவதுபோல் ஒலித்தது என்பர். டயரிழந்த சக்கரம் மீண்டும் எலும்புலுக்கியாகிவிட்டது.

மெலிந்த டயரும் மயக்கமும்

அகன்ற டயரின் பெருமையைப் பிரான்சின் சாந்தெத்தியன் நகரில் ‘லே சிக்லிஸ்த்’ என்னும் இதழை நடத்திய பால் தெ விவி போன்றோர் முன்பே வலியுறுத்தினர். ஆயினும் பந்தய வீரர்களின் மெலிந்த டயர் பிற்காலத்தில் நாகரிகமாயிற்று. டயர் மெலிந்து காற்று இறுகினால் விரைவு கூடும் எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. 23 மில்லிமீட்டர் டயரில் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் ஏற்றுவது வழக்கமாயிற்று. அமெரிக்கத் தூதஞ்சல் இளைஞர்வழி நிலைப்பல் வண்டி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக நாகரிகமாகப் பரவியபோது, மெலிந்த டயரும் உயர்ந்த பக்கங்களையுடைய வண்ண ரிம்களும் அதனோடு பரவின.

இம்மயக்கத்தை ஆய்வுகள் கலைத்தன. அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்டு 1981இல் வெளியிட்ட சக்கர நூல், சுமையேறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இறுக்கம் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு தளர்வதையும், ரிம் மேல்கீழாக அமுங்குவது ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே என்பதையும் காட்டியது. டயரோ பல மில்லிமீட்டர் அமுங்கும். ஆதலால் ரிம்மையும் கம்பியையும் மாற்றிச் சுகம் தேடுதல் வீண். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் பந்தய வீரர்களும் 23 மில்லிமீட்டரை விட்டு 25க்கும், பின்னர் 28க்கும் மேலுக்கும் மாறினர். பெல்பாஸ்டு முற்றம் கற்பித்ததை உலகம் மீண்டும் கற்றது.

குறைந்த பணத்தில் நிறைந்த சுகம்

இவ்வரலாற்றை அறிந்தவன் சக்கரம் தேர்வது எளிது. முதலில் சட்டத்திற்கும் டயருக்கும் இடையே எத்துணை இடம் உள்ளது என அளத்தல் வேண்டும். இருபுறமும் நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, 28 முதல் 32 மில்லிமீட்டர் வரை இடங்கொள்ளும் அகன்ற டயரை வாங்கலாம். கையிலுள்ள பணத்தில் முதற்பங்கு, உள்நூல் மெல்லியதாய் எளிதில் வளையும் டயருக்கே உரியது. சக்கரம் கோணாதிருந்தால் பழைய சக்கரத்திலேயே அதை மாட்டலாம். ஏறியமர்ந்தபின் டயர் தன் உயரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு அமிழுமாறு காற்றை அமைப்பது நல்ல அளவு. எடை பின்புறமே மிகுதியாதலால் பின்சக்கரத்திற்குச் சற்று மிகுந்த காற்று வேண்டும்.

சக்கரமே மாற்ற வேண்டுமாயின், இரட்டைச் சுவருள்ள அலுமினிய ரிம்மும் 32 அல்லது 36 ஆரக்கம்பிகளும் கொண்டது போதும். ஒரு கம்பி அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்; எந்தக் கடையிலும் மாற்றலாம். பின்குறடு நிலைப்பல்லுக்கென்றே செய்யப்பட்டதாதல் வேண்டும். பற்சக்கரத்தைப் பூட்டும் வளையம் எதிர்த்திசை மரையில் இறுகும். அவ்வளையமின்றிக் காலால் வண்டியை அடக்க முயன்றால் பற்சக்கரமே கழன்றுவிடும். உயர்ந்த பக்கமுள்ள ரிம் கண்ணுக்கு அழகு. சுகத்திற்கு அதனால் பயனில்லை.

டயரின் ஆயுளைக் காக்க ஒரு கணக்கும் உண்டு. காலால் சக்கரத்தை நிறுத்திச் சறுக்குவோர், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போது டயரின் சில இடங்களே தேய்கின்றன. முன்பல் 48, பின்பல் 16 எனின் மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்றுச் சுழலும்; ஒவ்வொரு முறையும் ஒரே இடம் தேய்ந்து டயர் விரைவில் ஓட்டையாகும். பின்பல்லை 17 ஆக்கினால், 48க்கும் 17க்கும் பொதுக் காரணி இன்மையால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பரவும். பள்ளிக் கணிதம் பணம் காக்கும் இடம் இது. ஆயினும் காலை மட்டும் நம்புதல் தகாது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் பொதுப்பாதையில் செல்லும் மிதிவண்டிக்குக் கைப்பிரேக் ஒன்றேனும் இருத்தல் சட்டப்படி கட்டாயமாயிற்று. டயரையும் உயிரையும் ஒருங்கே காக்கும் மலிவான உறுப்பு அதுவே.

மரமும் இரும்புமாகத் தொடங்கிய சக்கரத்தை இனிதாக்கியவை விலைமிக்க உலோகமோ சுருள்வில்லோ அல்ல. காற்றும், அதை அடக்கிய ரப்பருமே. காற்றுக்கு விலையில்லை. ரப்பருக்கு விலை கொடுத்தோருள் காங்கோ மக்களும் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் உளர். தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பறையில் அமர்ந்து மிதிவண்டி வாங்கக் காசு சேர்க்கின்றனர். வண்டியின் சக்கரத்தை அழுத்திப் பார்க்கும்போது, விரலுக்குக் கீழே நெகிழும் அந்தப் பட்டையின் வரலாற்றை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.